நூற்று நாற்பது கிலோமீற்றர், ஒரு மேடும் இல்லை

மே 29, வியாழன். கல்லடி

பையை நிறுக்க வீட்டில் தராசு இல்லை. முன்வீதிப் பலசரக்குக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போய், அரிசி நிறுக்கிற தராசில் வைத்தோம். ஒன்பது கிலோ நானூறு. கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "நாடா, சம்பாவா சேர்?" என்றார். மச்சானின் பை பதினொன்றைத் தொட்டது. அதில் பாதி பாரிஸிலிருந்து வந்த சாமான்.

மச்சான் என் மாமாவின் மகன், என்னைவிட ஐந்து வயது மூப்பு. இருபத்திரண்டு வருடமாகப் பாரிஸில் ஒரு சாப்பாட்டுக் கடைக் குசினியில் நிற்கிறார். அங்கே பாத்திரம் கழுவ வந்த பொடியன் ஒருவன் ரீயூனியன் தீவுக்காரன். அவன் காட்டிய படங்களைப் பார்த்ததிலிருந்து, அந்தத் தீவை வடக்கிலிருந்து தெற்காக நடந்து கடக்க வேண்டும் என்று இவருக்குப் பித்து. செப்ரெம்பரில் போகிறோம் என்று என்னையும் சேர்த்தே முடிவெடுத்துவிட்டார். ஒக்டோபர் வேண்டாமாம். அந்த மாதத்தில் தீவின் குறுக்காக ஓர் ஓட்டப் போட்டி நடக்கிறது, 160 கிலோமீற்றருக்கு மேல், பத்தாயிரம் மீற்றர் ஏற்றம். மலைத் தங்கிடங்களில் படுக்கப் பாய்கூடக் கிடைக்காது. நவம்பர் தாண்டினால் புயல் காலம். என் விசா தனிக்கதை. தீவு பிரான்ஸின் ஒரு மாவட்டமாம், ஆனாலும் பாரிஸுக்குப் போகிற சுற்றுலா விசா அங்கே செல்லாதாம்.

தீவு சின்னது, 2,512 சதுர கிலோமீற்றர். எங்கள் மட்டக்களப்பு மாவட்டமே அதைவிடப் பெரிது. ஆனால் அந்தச் சின்ன இடத்துக்குள் 3,070 மீற்றர் உயரத்தில் ஓர் அணைந்த எரிமலை நிற்கிறது, பித்தோன் தே நேஜ் என்று பெயர். பிதுருதலாகலையைவிட ஐந்நூறு மீற்றருக்கு மேல் உயரம். பக்கத்தில் 2,632 மீற்றரில் இன்னொன்று. அது அணையவில்லை, பெரும்பாலான வருடங்களில் ஒரு தடவையாவது கக்குகிறது. இரண்டையும் தொட்டுக்கொண்டு போகிற பாதைக்கு ஜி.ஆர். ஆர் 2 என்று பெயர். ஏறத்தாழ 130 கிலோமீற்றர், பத்துப் பதினொரு நாள் நடை.

மச்சான் கணக்குப் போட்டார். கல்லடிப் பாலத்திலிருந்து பொத்துவில் தாண்டி உகந்தை முருகன் கோயில் வரைக்கும் 140 கிலோமீற்றருக்குக் கிட்ட வரும். "கிட்டத்தட்ட அதே தூரம்டா. பையைத் தூக்கிக்கொண்டு இதை நடந்தா அதுவும் ஏலும்." அட்டவணை ஒன்று அச்சடித்துக்கொண்டே வந்திருக்கிறார். நாளுக்கு இருபது கிலோமீற்றர், மணிக்கு நாலரை. ஏற்றம் என்ற நிரலில் எல்லா நாளுக்கும் பூச்சியம். "சுகமான நடை," என்று அதைக் காட்டிச் சிரித்தார்.

மே 30, வெள்ளி. கல்லடி – களுவாஞ்சிகுடி

விடிய நாலரைக்கு வெளிக்கிட்டோம். காத்தான்குடியில் நடுவீதிப் பேரீச்சைகள் குலை தள்ளி நின்றன, சுபஹ் தொழுதுவிட்டு வருகிறவர்கள் எங்கள் பைகளை ஒரு மாதிரிப் பார்த்தார்கள். ஆரையம்பதியில் வீட்டு வாசல் கூட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மா விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டுக் கும்பிட்டார். "கதிர்காமமா தம்பி? பாதயாத்திரையா?"

மச்சான் நின்று விளக்கத் தொடங்கினார். இல்லை அம்மா, இது ஒரு பயிற்சி, இந்து சமுத்திரத்தில் ஒரு தீவு இருக்கு, அங்க ஒரு எரிமலை. அந்த அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, உள்ளே போய் இரண்டு குவளை தேத்தண்ணியோடு வந்தார். "முருகன் காப்பான், குடிச்சிட்டுப் போங்க."

இன்றைக்கு மட்டும் அந்தக் கேள்வி பதினொரு தடவை வந்தது. எண்ணியது நான். செட்டிபாளையம் வரைக்கும் உண்மையைச் சொன்னோம், பிறகு தலையை மட்டும் ஆட்டினோம். பொய் சொல்லவில்லை என்று மச்சான் சொல்கிறார். தலை ஆட்டிய பிறகு இளநிக்காரர் இருநூறு ரூபாய் வாங்க மறுத்துவிட்டார், அந்த இளநி எனக்கு இறங்கவில்லை.

பத்து மணிக்குப் பிறகு தார் றோட்டுச் சூடு சப்பாத்துக்குள்ளால் ஏறுகிறது. கிரான்குளத்தில் ஒரு பஸ் தரிப்பிடத்தில் நாற்பது நிமிடம் கால் நீட்டிக் கிடந்தோம். களுதாவளையில் வெற்றிலைத் தோட்டத்துக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தவர் குழாயை எங்கள் பக்கம் திருப்பிப் பிடித்தார், கேட்கவே இல்லை. இந்தப் பயணத்தில் இதுவரைக்கும் நடந்ததிலே நல்ல காரியம் அதுதான்.

முதல் நாளே அட்டவணை பிழை. இருபது கிலோமீற்றர் தாண்டியும் படுக்க இடம் என்று ஒன்று வரவில்லை, பெரியம்மா வீடு களுவாஞ்சிகுடியில்தான் இருக்கிறது. முப்பதுக்குக் கொஞ்சம் குறைய நடந்து, பின்னேரம் மூன்றரைக்குப் போய்ச் சேர்ந்தோம். சோறு, பாரை மீன் ஆணம், சுறா வறை, தயிர். நான் மூன்று தடவை போட்டுச் சாப்பிட்டேன்.

"அங்க மலையில ஆரு இருக்கா?" என்று பெரியம்மா கேட்டா.

"ஆரும் இல்ல பெரியம்மா. நெருப்புத்தான்."

"அப்ப ஆரைப் பார்க்கப் போறீங்க?"

மச்சான் பதில் சொல்லாமல் காலில் எண்ணெய் பூசிக்கொண்டிருந்தார். எங்கேயோ ஒரு கோயிலில் ஒலிபெருக்கி கட்டி வழக்குரை படிக்கிறார்கள். வைகாசி, கண்ணகை அம்மன் சடங்குக் காலம். அதைக் கேட்டுக்கொண்டே இதை எழுதுகிறேன்.

மே 31, சனி. களுவாஞ்சிகுடி – காரைதீவு

சப்பாத்து வாயைப் பிளந்தது மருதமுனையில்.

மச்சானுடையது. நூற்று எண்பது யூரோ கொடுத்து வாங்கியதாம், எட்டு வருடத்துக்கு முன்பு. பெரிய மலைக்கு என்று பெட்டிக்குள்ளேயே வைத்துப் பொத்திப் பாதுகாத்திருக்கிறார். கோட்டைக்கல்லாறு தாண்டும்போதே "சப், சப்" என்று ஒரு சத்தம் வந்தது, நான் மணல் என்று நினைத்தேன். மருதமுனையில் வலது சப்பாத்தின் அடி குதியிலிருந்து விரல் வரைக்கும் கழன்று தொங்கியது. நடுவில் இருக்கிற நுரை பிட்டு மாதிரி உதிர்ந்தது. பிறகு கைத்தொலைபேசியில் தேடிப் பார்த்தோம். அந்த நுரை காற்றிலுள்ள ஈரத்தால் வருடக்கணக்கில் தானாக உளுத்துப்போகுமாம், போடாமல் வைத்திருந்தாலும். பொத்தி வைத்ததற்குப் பலன் இல்லை.

மருதமுனை என்றால் கைத்தறி. திண்ணையில் நூல் சுற்றிக்கொண்டிருந்த ஒரு உம்மா எங்களைக் கூப்பிட்டு, கழிவு நூலில் ஒரு பிடி எடுத்து முறுக்கிக் கயிறாக்கித் தந்தா. பச்சையும் ஊதாவும். மச்சான் அதைச் சப்பாத்தைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, கொடியேற்றத்துக்குப் போகிற மாதிரி நடந்தார்.

பாண்டிருப்பில் திரௌபதை அம்மன் கோயில் நிழலில் இருந்தோம். அங்கே ஒரு முதியவர் கட்டின கயிற்றைப் பார்த்துவிட்டுப் பேச்சுக் கொடுத்தார். இவரிடம் மச்சான் உண்மையைச் சொன்னார், ஆனால் மலையில் தொடங்கவில்லை. அந்தத் தீவில் தமிழ் வம்சத்து ஆட்கள் நிறைய இருக்கிறார்கள் என்று தொடங்கினார். 1848இல் அடிமை முறையை ஒழித்த பிறகு கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்து கொண்டு போனவர்களின் பிள்ளைகள். மல்பார் என்று அங்கே சொல்கிறார்கள். பேச்சு கிரியோல், தமிழ் பெரும்பாலும் மறந்துபோயிற்று, ஆனால் கோயில் இருக்கிறது, காவடி இருக்கிறது, தீமிதிப்பும் இருக்கிறது. தீ மிதிப்பது ஆருக்காக என்றால் பாண்டியாலே என்கிற அம்மனுக்கு. நம்முடைய பாஞ்சாலிதான்.

முதியவர் தொலைபேசியை வாங்கி, படத்தைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து, நெருப்புக் கிடங்கைப் பார்த்தார். மஞ்சள் உடுப்போடு ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள். கன நேரம் பார்த்தார். "அங்கயும் போயிட்டாவா," என்றார். பிறகு கேட்டார்: "கிடங்கு எத்தனை முழம்?"

எங்களுக்குத் தெரியவில்லை. மச்சானின் அட்டவணையில் தீவின் எல்லாத் தங்கிடத்தின் உயரமும் இருக்கிறது, இது இல்லை. "கேட்டுட்டு வந்து சொல்லுங்க தம்பி," என்று முதியவர் சொன்னார். இந்தப் பயணத்தைப் பற்றி எங்களிடம் ஒருவர் கேட்ட முதல் சரியான கேள்வி இதுதான் என்று எனக்குப் பட்டது.

கல்முனைக் கடைத்தெருவில் சப்பாத்துத் தைக்கிற ஐயாவிடம் கொண்டு போனோம். குடைக்குக் கீழே ஒரு மரப்பெட்டி, அவ்வளவுதான் கடை. உளுத்த நுரையை வளைந்த கத்தியால் சுரண்டிக் கொட்டினார். பழைய டயர் ரப்பரில் அடியின் அளவுக்கு இரண்டு துண்டு வெட்டி, பசை பூசி, சைக்கிள் டியூப்புக்கு ஊதுகிற மாதிரி ஊதி ஊதிக் காயவிட்டார். பிறகு நுனியில் கொளுவி வைத்த ஊசி. வெளியிலிருந்து குத்தி, உள்ளே விரலால் நைலோன் நூலை அதில் மாட்டி, இழுத்து, அந்த வளையத்துக்குள் அடுத்த நூலை விட்டு இறுக்குகிறார். ஒவ்வொரு இறுக்கத்துக்கும் உதட்டைக் கடிக்கிறார். இடது சப்பாத்து நன்றாகத்தான் இருந்தது. கேட்காமலே அதையும் சுரண்டத் தொடங்கினார். "ஒண்டு போனா மற்றதும் போகும். நடுவழியில போகட்டும் என்டு விடவா?"

ஒரு மணி நேரம் பிடித்தது. இரண்டுக்கும் எழுநூறு ரூபாய். எந்த மலை என்று கேட்டார், சொன்னோம். "தட்டை றோட்டுக்கு இது தாங்கும். மலைக்கு நான் பொறுப்பில்ல."

சாய்ந்தமருது முழுக்கப் பெருநாள் கூட்டம், இன்னும் ஒரு கிழமைதான். உடுப்புக் கடைகளுக்கு முன்னால் கால் வைக்க இடமில்லை. காரைதீவில் நண்பன் வீட்டில் பாய். இன்றைக்கு எவ்வளவு நடந்தோம் என்று பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

ஜூன் 1, ஞாயிறு. காரைதீவு – அக்கரைப்பற்று

கச்சான் தொடங்கிவிட்டது. காலை ஒன்பதுக்கே மேற்கிலிருந்து அடித்தது. வயலுக்கு மேலால் வருகிற காற்று குளிராக இருக்க வேண்டும், இது அடுப்பு வாயைத் திறந்த மாதிரி. நிந்தவூர் தாண்டி இரண்டு பக்கமும் சிறுபோக வயல், பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி, உடம்புக்கு ஒன்றுமில்லை. உதடு வெடித்துவிட்டது. ஒலுவில் சந்திக்குக் கிட்ட வண்டிலில் கச்சான் விற்றவரிடம் நூறு ரூபாய்க்கு ஒரு சுருள் வாங்கினோம். கச்சானுக்குள்ளே கச்சான் தின்கிறோம் என்று மச்சான் சொன்னார். இந்தியாவிலிருந்து படிக்கிறவர்களுக்கு: ஒன்று காற்று, மற்றது நிலக்கடலை.

அக்கரைப்பற்றில், முன்பு என்னோடு ஒரே கந்தோரில் வேலை செய்த காக்கா வீடு (இங்கே முஸ்லிம் அண்ணன்மாரை அப்படித்தான் கூப்பிடுவது). ஒரு சஹன், எல்லோருக்கும் பொதுவான பெரிய தட்டு, அதைச் சுற்றி நாங்கள் ஐந்து பேர். நெய்ச்சோறு, மாட்டிறைச்சி, கத்தரிக்காய்ப் பொரியல், பருப்பு. எனக்கு முன்னால் இருந்த பகுதி குறையக் குறையக் காக்கா இறைச்சியை என் பக்கம் தள்ளிக்கொண்டே இருந்தார்.

சாப்பிட்டபின் வரைபடத்தை விரித்தோம். காக்கா நில அளவை வேலை பார்த்தவர், கோடுகளை வாசிக்கத் தெரிந்தவர். ரீயூனியன் வரைபடத்தில் உயரக் கோடுகள் விரல் ரேகை மாதிரி நெருங்கிக் கிடந்தன. மச்சான் விரலால் காட்டினார்: தலைநகர் சென் டெனியில் கடல் மட்டம், முதல் நாள் இரவுத் தங்கிடம் 1,834 மீற்றரில். பிறகு மஃபாத் என்கிற பள்ளம், தப்பியோடிய அடிமைகள் ஒளிந்திருந்த இடம், பெயரும் அப்படி ஓடிய ஒருவருடையதுதான். இன்றைக்கும் றோட்டு இல்லை, அரிசி மூட்டை ஹெலிகொப்டரில் வருகிறது. அதிலிருந்து வெளியேற 2,080 மீற்றரில் ஒரு கணவாய். பிறகு சிலாவோஸ் வரைக்கும் இறக்கம், அப்புறம் திரும்பவும் 3,070க்கு ஏற்றம்.

காக்கா கண்ணாடியைக் கழற்றினார். "ஏற்றம் எல்லாம் கூட்டினா எவ்வளவு வரும்?"

"எட்டாயிரம் மீற்றருக்குக் கிட்ட."

"மூணு நாள்ல நீங்க இங்க ஏறினது?"

கல்லடிப் பாலம் என்றேன் நான். யாரும் சிரிக்கவில்லை.

ஜூன் 2, திங்கள். அக்கரைப்பற்று – திருக்கோவில்

இரண்டு குதியிலும் கொப்புளம். பன்னிரண்டு கிலோமீற்றரோடு நிறுத்தினோம்.

தம்பிலுவிலில் ஒரு மரத்தடியில் மூன்று பேர் இருந்தார்கள், உண்மையான யாத்திரைக்காரர். ஒரு ஆச்சி, அவவின் தங்கை, ஒரு பேரன். முல்லைத்தீவுப் பக்கமிருந்து நடந்து வருகிறார்கள். ஆச்சியிடம் ஒரு துணிப் பொட்டலம், ஒரு செம்பு, ஒரு சின்ன வேல். என் பையை ஒரு கையால் தூக்கிப் பார்க்கப்போய் ஏலாமல் விட்டா. "இதுக்குள்ள என்ன மகன், அம்மியா?"

சப்பாத்தைக் கழற்றச் சொல்லி, கொப்புளத்தைப் பார்த்து, ஊசியை நெருப்பில் காட்டி, நூலோடு குத்தி நூலை உள்ளேயே விட்டா. தண்ணீர் நூல்வழியே வடிகிறது. டாக்டர்மார் இதைப் படித்தால் ஏசுவார்கள். வலி குறைந்தது உண்மை.

இவவுக்குத் தலை ஆட்ட எனக்கு வாய்க்கவில்லை. முழுக்கச் சொன்னேன். ஆச்சி கேட்டது இரண்டு கேள்வி. "அங்க வழியில அன்னதானம் போடுவாங்களா?" போட மாட்டார்கள் ஆச்சி, ஒரு இரவுப் படுக்கையும் இரண்டு நேரச் சாப்பாடும் ஏறக்குறைய 50 யூரோ, நம் காசில் பதினாறாயிரத்துக்கு மேல். சோறுதான் தருவார்கள், கறி ஊற்றி, அவரைப் பருப்போடு, அதற்குக் காரி என்றே பெயர். மாதக்கணக்கில் முன்கூட்டிப் பதிய வேண்டும். ஆச்சி வாயில் கை வைத்தா.

இரண்டாவது: "எத்தனை கட்டை?"

மச்சான் மைல் கணக்கில் மாற்றிச் சொன்னார். அப்புறம் தானாகவே சேர்த்துக்கொண்டார், அங்கே கைகாட்டிப் பலகைகளில் தூரம் போடுவது குறைவு, நேரம்தான் போடுவார்கள் என்று. மூன்று மணி, ஐந்தரை மணி என்று. ஆச்சிக்கு அது வினோதமாகப் படவில்லை. "அது சரிதானே. காட்டுக்குள்ள கட்டை என்னத்துக்கு? உகந்தையில இருந்து எத்தனை இரவு என்டுதான் நாங்களும் கேட்கிறது."

திருக்கோவிலில் கோயில் மடத்தில் படுக்கை. மச்சான் அட்டவணையை எடுத்து 'மணிக்கு நாலரை' என்பதை வெட்டிவிட்டு, பக்கத்தில் எதையும் எழுதாமல் பேனையை மூடினார்.

ஜூன் 3, 4. திருக்கோவில் – கோமாரி – பொத்துவில் – அறுகம்பே

இரண்டு நாளையும் சேர்த்து எழுதுகிறேன், சொல்ல அதிகம் இல்லை. சங்கமன்கண்டி தாண்டினோம். இலங்கையின் கிழக்கு முனை அதுதான், ஆனால் றோட்டிலிருந்து பார்த்தால் பற்றையும் வெயிலும். கோமாரியில் வெறும் தேத்தண்ணி ஐம்பது ரூபாய், வத்தகப்பழம் பாதி இருநூறு. பழத்தைக் கடை வாங்கிலிலேயே வைத்துக் கரண்டியால் தோண்டித் தின்றோம். றோட்டில் யானை இலத்தி, சிலது புதுசு. நாலு மணிக்குப் பிறகு நடக்காதீங்க என்று ஆளுக்கு ஆள் சொன்னார்கள்.

அறுகம்பேயில் ஒரு கோப்பி தொள்ளாயிரம். பதினெட்டுத் தேத்தண்ணிக் காசு. அதைத் தந்த பொடியன் எங்கள் சப்பாத்தில் தையலைப் பார்த்து, "கல்முனை ஐயாவா?" என்று சிரித்தான். அவனுடைய பைக்கும் அந்தக் கைதானாம்.

ஜூன் 5, வியாழன். அறுகம்பே – பாணமை – உகந்தை

விடிந்த பிறகுதான் விட்டார்கள். பாணமைக்கு ஒன்பதரைக்கு வந்து எருமைத் தயிர் ஒரு சட்டி முடித்தோம். இந்த ஊரில் ஒரே வசனத்தில் சிங்களமும் தமிழும் வரும். தயிர்க்கார அம்மா விலையை ஒன்றிலும் மிச்சக் காசை மற்றதிலும் சொன்னா.

பாணமை தாண்டி மூன்று கிலோமீற்றர் போயிருப்போம். எதிரே வந்த உழவு இயந்திரக்காரர் நிறுத்தி, முன்னுக்கு ஒரு தனியன் நிற்குது, ஏறுங்க என்றார். மச்சான் தயங்கினார். ஏறினால் நடை அறும், 140 முழுசாக வராது. உழவு இயந்திரக்காரர் அதையெல்லாம் கேட்கிற ஆள் இல்லை. வண்டியைத் திருப்பிப் பெட்டியைத் தட்டினார். ஏறினோம். ஒரு வளைவில் யானை நின்றது, றோட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மரக்கிளை ஒன்றை ஆறுதலாக உரித்துக்கொண்டு. எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆறு கிலோமீற்றரில் இறக்கிவிட்டார், காசு வாங்கவில்லை. ஆக, இந்தப் பயணத்தில் ஆறு கிலோமீற்றர் ஓட்டை. அதை மறைக்க விருப்பமில்லை.

உகந்தை முருகன் கோயிலில் ஒரு பின்னேர அமைதி. முருகன் கல் ஓடத்தில் வந்து இறங்கிய கரை என்பது ஐதீகம். யாத்திரைக்காரருக்குக் காட்டுப் பாதை திறக்க இன்னும் நாள் இருக்கிறது, இப்போது குரங்குகளும் கோயில் ஆட்களும்தான். கிணற்றில் குளித்துவிட்டு, வள்ளியம்மன் இருக்கிற பாறைக்கு ஏறினோம்.

ஏழு நாளில் முதல் ஏற்றம். பெரிய உயரம் இல்லை, ஒரு நாலைந்து மாடி இருக்கலாம். ஆனால் வெறுங்காலோடு, வெயில் குடித்த பாறையில். மேலே போனபோது எனக்கு மூச்சு வாங்கியது. கடல் ஒரு பக்கம், காடு மறுபக்கம், கச்சான் முகத்தில். மச்சான் பாறையைத் தட்டிப் பார்த்தார். இந்தப் பாறைக்கு ஏறத்தாழ நூறு கோடி வயது இருக்கும், நான் சொன்னேன். ரீயூனியன் கடலுக்கு மேலே தலை காட்டியதே இருபது முப்பது லட்சம் வருடத்துக்கு முன்புதான். இது தேய்ந்து தேய்ந்து மிஞ்சின கிழட்டுக் கல், அது இன்னும் ஊற்றி ஊற்றிக் கட்டிக்கொண்டிருக்கிற வீடு. 2007இல் அதன் உச்சிப் பள்ளம் முந்நூறு மீற்றர் அளவுக்கு உள்ளே இடிந்து விழுந்திருக்கிறது.

இறங்கும்போதுதான் மச்சானின் முழங்கால் பிடித்தது. ஏறும்போது ஒன்றும் செய்யாத கால், இறங்க மறுத்தது. பக்கவாட்டாக, நண்டு மாதிரி, பாறையைப் பிடித்துப் பிடித்து இறங்கினார். பாதி வழியில் குந்திவிட்டார்.

"சிலாவோஸுக்கு இறங்கிற இடத்தில இப்படி வந்தா?"

நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆறு குறைய 140 கிலோமீற்றர் நடந்து வந்த இரண்டு பேரை ஒரு பிள்ளை விளையாடுகிற பாறை மடக்கிவிட்டது. தூரம் எங்களுக்குப் பிரச்சினை இல்லை என்பதை ஒரு கிழமையாகப் பிரமாதமாக நிரூபித்திருக்கிறோம்.

இரவு மடத்தில், தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு அட்டவணையைத் திருப்பிப் பின்பக்கத்தில் எழுதினோம். பதினொரு நாள் என்பது பதின்மூன்று ஆனது. மஃபாத்தில் ஒரு நாள் சும்மா இருப்பது. பித்தோன் தே நேஜுக்குக் கீழே 2,478 மீற்றரில் இருக்கிற தங்கிடத்தில் இரவுக் குளிருக்குப் போர்வை. எரிமலை கக்கினால் அந்தப் பகுதியை மூடிவிடுவார்கள், அதற்கு மாற்று வழி. பையில் மூன்று கிலோ குறைப்பு. புதுச் சப்பாத்து. ஊன்றுகோல், இரண்டு. காலை பத்துக்குப் பிறகு அங்கே முகில் ஏறி மலையை மூடிவிடுமாம், ஆகவே விடிய வெளிக்கிடுவது. அது மட்டும் எங்களுக்கு ஏற்கனவே பழக்கம். கடைசி வரியில் மச்சான் எழுதினார்: 'கிடங்கு எத்தனை முழம் என்று கேட்பது.'

ஜூன் 6, வெள்ளி. பஸ்ஸில்

பொத்துவிலிலிருந்து மட்டக்களப்பு பஸ். ஆறு நாள் நடந்த றோட்டை நாலு மணி நேரத்துக்குள் திருப்பிச் சுற்றிக் காட்டினார்கள். தம்பிலுவிலில் ஆச்சி இருந்த மரத்தை எட்டிப் பார்த்தேன். கல்முனையில் குடை மடித்திருந்தது, நாளைக்குப் பெருநாள்.

ஜூன் 9, திங்கள். கந்தோர்

மச்சான் நேற்று விமானம் ஏறிவிட்டார். எங்கள் கந்தோர் இரண்டு மாடி. தரையிலிருந்து மேல் மாடிக்கு நாற்பத்தாறு படி, ஏழு மீற்றருக்குக் கொஞ்சம் கூட. சென் டெனி முதல் நாள் ஏற்றத்துக்கு இதை இருநூற்று ஐம்பது தடவை ஏற வேண்டும். எல்லோரும் போன பிறகு, பையில் ஐந்து கிலோ நாட்டரிசியைப் போட்டுக்கொண்டு தொடங்கினேன். இறங்கும்போது முழங்காலை மடக்கி, பைய, ஆச்சி நடந்த மாதிரி.

பன்னிரண்டாவது தடவை இறங்கி வரும்போது காவலாளி படிக்கட்டின் கீழே டோர்ச் லைட்டோடு நின்றார்.

"என்ன சேர், ஏதும் துலைச்சிட்டீங்களா?"